கட்டுச்சோறும் காத்தாட ஓர் இடமும்

மே மாதம் வந்தாலே எங்க வீட்டில் ஒரு பஞ்சாயத்து ஆரம்பிச்சுடும். பரீட்சை முடிஞ்சு வீட்டில் இருக்கிற வாண்டுங்க "எங்கயாவது கூட்டிட்டுப் போங்க"ன்னு உயிரை எடுக்கும். அப்பா பர்ஸைப் பார்ப்பார். அம்மா வெயிலைப் பார்ப்பாங்க. அப்பத்தா மட்டும் "நாங்கல்லாம் அந்தக் காலத்துல..."ன்னு தொடங்கும். வழக்கமா அந்த இடத்தில் எல்லாரும் எழுந்து போயிடுவோம். இந்தத் தடவை நான் உட்கார்ந்து கேட்டேன். வரலாறு படிக்கிற பையன் என்பதால் கேட்டதோடு விடாமல் கொஞ்சம் புத்தகங்களையும் புரட்டினேன். அதன் விளைவுதான் இந்தப் பதிவு.

கேள்வி ரொம்பச் சின்னது. திண்டுக்கல் மாதிரி ஒரு வெயிலூரில், கையில் அதிகம் காசில்லாத ஒரு குடும்பம் சும்மா காற்று வாங்க எங்கே போனது?

வெளியூர்க்காரர்கள் உடனே "மலைக்கோட்டை இருக்கே!" என்பார்கள். இருக்கு. ஊர் நடுவே திண்டு போட்ட மாதிரி மொட்டையாக ஒரு பாறை. சுற்றளவு 2.75 கிலோமீட்டர். மதுரை நாயக்கர் முத்துக்கிருஷ்ணப்பர் 1605-ல் கோட்டையைத் தொடங்க, திருமலை நாயக்கர் அதைப் பலப்படுத்தினார். 1755-ல் ஹைதர் அலி இங்கே பௌஜ்தாராக வந்தார். மைசூர்க்காரர்களிடமிருந்து 1790-ல் இங்கிலீஷ்காரன் பிடித்தான். சண்டைக் கதைகளைத் தனியாக எழுத வேண்டும், இப்போது வேண்டாம். நமக்கு வேண்டியது ஒரே ஒரு விஷயம்: அங்கே நிழல் இல்லை.

இது தற்செயல் இல்லை. கோட்டை என்பது உட்கார்ந்து காற்று வாங்கக் கட்டின இடம் இல்லை, எதிரி வருவதைப் பார்க்கக் கட்டின இடம். பீரங்கி மேடைக்கு எதிரே மறைவாக ஒரு மரம் நின்றாலே ஆபத்து. போதாததற்கு அடியில் முழுக்கப் பாறை. பகல் முழுவதும் வெயிலைக் குடித்துவிட்டு, சூரியன் மறைந்த பிறகும் அதை மெதுவாகக் கக்கிக்கொண்டிருக்கும். மேலே பாறையிலேயே வெட்டிய சுனைகள், ஆயுதக் கிடங்கு, சாமி இல்லாத ஒரு கோயில். (அந்தக் கோயில் அபிராமி அம்மன் கீழே ஊருக்குள் வந்துவிட்டாள். அம்மனுக்கே மேலே இருக்க முடியலைன்னு எங்க ஊரில் ஒரு கிண்டல் உண்டு. உண்மையான காரணம் மைசூர்க்காலத்து அரசியல்.)

இப்போது அது இந்தியத் தொல்லியல் துறையின் கையில். நுழைவுக் கட்டணம் 2000-களில் ஆளுக்கு 5 ரூபாய். 2016-ல் 15 ஆச்சு. 2018-ல் 25 ஆச்சு, செல்போனில் கட்டினால் 20. 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இலவசம். அப்பா, அம்மா, அப்பத்தா, இரண்டு வாண்டுகள் என்று கணக்குப் போட்டால் முன்பு 15 ரூபாயில் முடிந்தது, இப்போது ரொக்கமாகக் கொடுத்தால் 75. சினிமா டிக்கெட்டோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லைதான். ஆனால் பகலில் திறந்து, பொழுது சாயும் நேரத்தில் மூடும் இடம் அது. பாறை சூடாக இருக்கும்போது உள்ளே விடுவார்கள், காற்று வர ஆரம்பிக்கும்போது விசில் ஊதுவார்கள். அப்பத்தா வாழ்க்கையில் இரண்டே தடவைதான் மேலே ஏறியிருக்காம். "மூணாவது தடவ ஏற எனக்கென்ன கிறுக்கா"ன்னு கேட்டுச்சு.

அப்போ எங்கேதான் போனார்கள்?

தோப்புக்கு. சத்திரத்துக்கு. கோயில் மண்டபத்துக்கு. சும்மா போகவில்லை, ஏதாவது ஒரு காரணத்தோடு போனார்கள். குலசாமி கும்பிட, முடி இறக்க, காது குத்த, திருவிழா பார்க்க. "சும்மா சுத்திட்டு வரலாம்" என்று ஒரு மருமகள் சொன்னால் அந்தக் காலத்து மாமியார் விட்டிருப்பாரா? "சாமிக்கு நேர்ந்திருக்கு" என்றால் மறுபேச்சே கிடையாது! எனக்கென்னவோ நம் ஊர்ப் பெண்களின் சுற்றுலா வரலாற்றில் பாதி, நேர்த்திக்கடன் என்ற பெயரில்தான் ஒளிந்துகொண்டிருக்கிறது என்று தோன்றுகிறது.

தாடிக்கொம்பு நல்ல உதாரணம். ஊரிலிருந்து எட்டு கிலோமீட்டர் வாக்கில், குடகனாற்றங்கரையில் சௌந்தரராஜப் பெருமாள் கோயில். விஜயநகர, நாயக்கர் காலத்துக் கட்டடம். சிற்பத் தூண்களைப் பார்க்க வெளிநாட்டுக்காரர்கள்கூட வருவார்கள். ஆனால் மே மாதம் உள்ளே கால் வைத்ததும் முதலில் தெரிவது சிற்பம் இல்லை, தரையின் குளிர்ச்சி. கோட்டையிலும் கருங்கல்தான், இங்கேயும் கருங்கல்தான். அங்கே வெயில் நேராகக் கல்லில் விழுகிறது. இங்கே கனமான கல்கூரை அதைத் தாங்கிக்கொள்கிறது, தரைக்கு வெயிலே தெரியாது, பக்கவாட்டில் காற்று ஓடும். ஒரு குடும்பம் புளிசாதமும் துவையலும் கட்டிக்கொண்டு வந்து, சாமி கும்பிட்டுவிட்டு, நிழல் கண்ட இடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டால் செலவு எவ்வளவு? வண்டி மாடு வீட்டிலேயே இருந்தால் சூடத்துக்கும் பூவுக்கும் ஆகிற காசு மட்டும்தான்.

போகிற வழிக்கும் நிழல் வேண்டுமே. இங்கேதான் ராணி மங்கம்மாள் வருகிறார். 1689-லிருந்து 18-ம் நூற்றாண்டின் தொடக்கம் வரை பேரனுக்காக மதுரையை ஆண்டவர். சாலை போட்டது, ஓரத்தில் மரம் வைத்தது, சத்திரம் கட்டியது என்று தெற்குச் சீமை முழுக்க அவர் பெயர் சொல்ல இடங்கள் உண்டு. மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே மங்கம்மாள் சத்திரம் இன்றும் இருக்கிறது. "புளியமரத்து அடியில வண்டிய அவுத்துப் போட்டுட்டு"ன்னு அப்பத்தா சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்த அம்மா ஞாபகம்தான் வரும். நான்குவழிச் சாலை வந்தபோது அந்த மாதிரிச் சாலையோர மரங்களில் பெரும்பகுதி போய்விட்டது. இப்போது திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்கு ஒரு மணி நேரம்தான், ஆனால் வழியில் எங்கே இறங்கினாலும் மண்டை காயும்.

இங்கே ஒரு சின்ன இடைச்செருகல். 'பூங்கா' என்ற சொல்லையே பாருங்கள். பூ + கா. 'கா' என்றால் சோலை, மரம் அடர்ந்த இடம். திருவானைக்காவில் இருப்பதும் அதே கா. ஆக நம் சொல்லுக்குள்ளேயே நிழல் இருக்கிறது. பூ அதற்கு அடைமொழி மட்டும்தான். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

சரி, வெள்ளைக்காரனுக்கு வருவோம். 1834-ல் மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷனரிகள் வெயிலாலும் காலராவாலும் காய்ச்சலாலும் கொஞ்ச வருஷத்திலேயே பல பேரை இழந்தார்கள். தப்பிக்க ஒரு குளிர்ந்த இடம் தேடியபோது அவர்கள் முதலில் போனது எங்கே தெரியுமா? நம்ம சிறுமலைக்கு! 1830-களின் கடைசியில் அங்கே பங்களா கட்டிப் பார்த்தார்கள். மலைக்காய்ச்சல் அங்கேயும் விடவில்லை. அதற்குப் பிறகுதான் இன்னும் உயரமான பழனி மலைக்குப் போய், 1845-ல் கொடைக்கானலில் வீடு கட்டினார்கள். அந்தக் கொசுக்கள் மட்டும் இல்லாதிருந்தால் இன்று ஹனிமூன் ஜோடிகள் எல்லாம் சிறுமலை வாழைப்பழம் சாப்பிட்டுக்கொண்டு போட்டோ எடுத்திருப்பார்கள் :-)

கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து சுமார் 7,000 அடி. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறக்குறைய 6 டிகிரி குறையும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. அப்படிப் பார்த்தால் திண்டுக்கல்லைவிட 11, 12 டிகிரி குறைவு. 1863-ல் மதுரை கலெக்டர் லெவிஞ்ச் ஏரியை உண்டாக்கினார். 1908-ல் வன அதிகாரி பிரையண்ட் திட்டமிட்ட 20 ஏக்கர் பூங்கா இன்றும் அவர் பெயரில் இருக்கிறது. எல்லாம் அழகுதான். ஆனால் அங்கே எப்படிப் போனார்கள் என்று பார்த்தால்தான் அது யாருக்கான இடம் என்று புரியும்.

1875-ல் ரயில் வந்தது. அம்மையநாயக்கனூரில் இறங்கி (அந்த ஸ்டேஷனுக்குத்தான் இப்போது கொடைக்கானல் ரோடு என்று பெயர்), மாட்டு வண்டியில் மலையடிவாரத்து கிருஷ்ணம்மநாயக்கன் தோப்பு வரை போக வேண்டும். அங்கிருந்து குதிரை, இல்லையென்றால் டோலி. டோலியில் துரையும் துரைசாணியும் உட்கார்ந்திருப்பார்கள். தூக்கிக்கொண்டு செங்குத்தாக மலையேறுவது நம் ஆட்கள். 1914-ல் மோட்டார் போகும் மலைப்பாதை வரும் வரை இதுதான் கதை. அதாவது வெயிலிலிருந்து தப்பிப்பது ஒரு ஆள் இன்னொரு ஆள் தோளில் ஏறிச் செய்கிற காரியமாக இருந்தது. அந்த டோலிக்காரர் குடும்பத்தோடு கொடைக்கானலுக்குச் சுற்றுலா போனாரா என்று எந்தப் புத்தகத்திலும் எழுதியிருக்காது.

நகரத்துக்குள்ளேயே எல்லாருக்கும் ஒரு தோட்டம் என்ற யோசனையும் வெள்ளைக்காரன் கொண்டுவந்ததுதான், அதை மறைக்கக் கூடாது. 1859-60-ல் சென்னையில் கவர்னராக இருந்த ட்ரெவெல்யன் பெயரைச் சொல்ல 'பீப்பிள்ஸ் பார்க்' உருவானது. 116 ஏக்கர், உள்ளே மிருகக்காட்சிசாலை வேறு. பிறகு அந்த இடத்துக்கு என்ன ஆச்சு? விக்டோரியா ஹால் வந்தது, மூர் மார்க்கெட் வந்தது, ரிப்பன் மாளிகை வந்தது, ஸ்டேடியம் வந்தது. மிருகங்கள் 1985-ல் வண்டலூருக்குப் போயின. மக்கள் பார்க்கில் மக்களுக்கு மிச்சம் இருப்பது என்ன என்று சென்ட்ரலில் இறங்குகிறவர்கள் பார்த்துக்கொள்ளலாம். அதைவிட எனக்கு உறுத்துவது இன்னொன்று. அந்தக் காலத்து இங்கிலீஷ் பூங்கா என்றால் புல்வெளி, வளைந்த நடைபாதை, பூப்பாத்தி. வெயிலுக்கு ஏங்குகிற நாட்டில் திறந்த புல்வெளி சொர்க்கம். அதே படத்தை நம்ம ஊரில் போட்டால் மதியம் அதில் காக்கா கூட உட்காராது.

இந்தக் கதையில் திருப்பம் வந்தது அணைக்கட்டுகளால். இதை நான் எதிர்பார்க்கவே இல்லை.

மைசூரில் திவான் மிர்சா இஸ்மாயில் 1927-ல் தொடங்கி 1932-ல் முடித்த பிருந்தாவன் தோட்டம்தான் முன்மாதிரி. கிருஷ்ணராஜசாகர் அணைக்குக் கீழேயே, மொகலாயத் தோட்டம் மாதிரி படிப்படியாகத் தண்ணீர், பவுண்டன், ராத்திரியில் கலர் விளக்கு. அணைத் தண்ணீர் பள்ளத்துக்குத் தானாக இறங்கும், பம்பு போட்டு இறைக்க வேண்டியதில்லை. நிலமும் சர்க்காருடையது. ஆக, பெரிய தோட்டத்தைச் சின்னச் செலவில் நடத்தலாம். இந்த யோசனை தமிழ்நாட்டுப் பொறியாளர்களுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது போல. 1934-ல் திறந்த மேட்டூருக்கு ஒரு பூங்கா, 1950-களில் கட்டின பவானிசாகருக்கு ஒரு பூங்கா, சாத்தனூருக்கு ஒரு பூங்கா. நம்ம பக்கத்துக்கு வைகை அணை. காமராசர் முதலமைச்சராக இருந்தபோது, 1959 ஜனவரி 21-ல் திறந்தார்கள். உயரம் 111 அடி, 71 அடி வரை தண்ணீர் தேக்கலாம். ஆற்றுக்கு இரண்டு பக்கமும் பூங்கா, நடுவே கடந்து போக ஒரு சின்னப் பாலம். ஜனங்கள் அதற்கு வைத்த பெயர் 'சின்ன பிருந்தாவனம்'.

அணை கட்டியது மதுரை, ராமநாதபுரம் வயலுக்குத் தண்ணீர் தர. பூங்கா அதில் ஒட்டிக்கொண்ட இலவச இணைப்பு மாதிரி. ஆனால் எங்க அப்பத்தா தலைமுறைக்கு அந்த இணைப்புதான் முக்கியமாகப் போய்விட்டது. அது வாழ்க்கையில் முதன்முதலாக, சாமி கும்பிடாமல், கல்யாணத்துக்கும் இழவுக்கும் இல்லாமல், சும்மா பார்ப்பதற்காகவே போன இடம் வைகை அணைதானாம். வத்தலக்குண்டு வழியாக பஸ். ஒயர் கூடையில் தூக்குவாளி, அதற்குள் எலுமிச்சை சாதம், இன்னொன்றில் தயிர்சாதம், வறுத்த அப்பளம் நமுத்துப் போயிருக்கும். மத்தியானம் மரத்தடியில் துண்டை விரித்துத் தூங்கி எழுந்து, சாயங்காலம் தண்ணீரையும் பூவையும் பார்த்துவிட்டு, லைட் போட்டதும் "ஆ"ன்னு வாயைப் பிளந்துவிட்டுக் கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடுவது. "அன்னைக்குத்தான் உங்க தாத்தா எனக்கு ஐஸ் வாங்கிக் குடுத்தாரு"ன்னு சொல்லும்போது அதன் முகத்தைப் பார்க்கணும்!

ஏன் வைகை அணையால் முடிந்தது, கோட்டையாலும் கொடைக்கானலாலும் முடியவில்லை? தண்ணீர் பக்கத்தில் இருக்கிறது. மரம் இருக்கிறது. நுழையக் காசு அதிகம் இல்லை. இருட்டின பிறகும் உட்காரலாம். எல்லாவற்றையும்விட, பஸ் போகிறது.

பஸ் கதை தனிக் கதை. 1972-ல் தனியார் வழித்தடங்களை அரசு எடுத்தபோது மதுரைப் பக்கத்துக்குப் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் வந்தது. பிற்பாடு திண்டுக்கல்லைத் தலைமையிடமாக வைத்து ஒரு கழகம் பிரித்தார்கள். பெயர் என்ன தெரியுமா? ராணி மங்கம்மாள் போக்குவரத்துக் கழகம்! சாலைக்கு மரம் வைத்த அம்மா பெயர் முந்நூறு வருஷம் கழித்து அதே சாலையில் ஓடுகிற பஸ்ஸின் நெற்றியில். 1997-ல் எல்லாக் கழகங்களுக்கும் தலைவர்கள் பெயரை எடுத்தபோது இதுவும் போனது. அப்பத்தா இன்னும் "மங்கம்மா பஸ்"ஸுன்னுதான் சொல்லும்.

பிறகு 2021 மே மாதம் வந்த ஒரு மாற்றத்தை, வரலாற்றுப் புத்தகம் எழுதுகிறவர்கள் சின்னதாக எழுதிவிடுவார்களோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. வேலைக்குப் போகும் பெண்களுக்கு மிச்சமாகும் பணத்தைப் பற்றித்தான் எல்லாரும் பேசுகிறார்கள். எங்க வீட்டில் நடந்தது வேறு. அம்மாவும் பெரியம்மாவும் அப்பத்தாவைக் கூட்டிக்கொண்டு, யாரிடமும் காசு கேட்காமல், யாரிடமும் காரணம் சொல்லாமல், ஒரு சனிக்கிழமை தாடிக்கொம்புக்குப் போய்விட்டு வந்தார்கள். "எதுக்குப் போனீங்க"ன்னு அப்பா கேட்டார். "சும்மாதான்"னு பதில்.

இனி இன்றைய பூங்காக்கள். 1866-ல் நகராட்சியான எங்க ஊர் 2014-ல் மாநகராட்சி ஆனது. பெரிய மனைப்பிரிவு போட்டால் பத்தில் ஒரு பங்கை பொதுத் திறவிடமாக விட வேண்டும் என்று விதி இருக்கிறது. 2015-ல் மத்திய அரசு தொடங்கிய அம்ருத் திட்டப் பட்டியலில் திண்டுக்கல்லும் இருந்தது. அதில் இரண்டரை சதவீதம் வரை பூங்காவுக்குச் செலவழிக்கலாம் என்று இருந்தது. அதனால் பல ஊர்களில் காலனிக்குள்ளேயே சின்னச் சின்னப் பூங்காக்கள் வந்தன. நல்ல விஷயம். வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருப்பதைவிட மலிவு வேறென்ன? ஆனால் போன மே மாதம் மத்தியானம் தம்பி தங்கைகளோடு ஒரு பூங்காவுக்குப் போனேன் (பெயர் வேண்டாம்). கேட் பூட்டியிருந்தது. கம்பி வழியாகப் பார்த்தால் டைல்ஸ் நடைபாதை, சிவப்பும் மஞ்சளுமாக இரும்புச் சறுக்கு, காய்ந்த புல், ஓரத்தில் இடுப்பு உயரத்துக்குக் கத்தரித்த செடிகள். சாயங்காலம் திறந்த பிறகு போனால் சறுக்கில் கை வைக்க முடியவில்லை, அவ்வளவு சூடு. தங்கச்சி அழுதே விட்டாள். பூ இருந்தது, கா இல்லை.

குறை சொல்வது சுலபம் என்று தெரியும். வேப்பமரம் வைத்தால் நிழல் தர எத்தனையோ வருஷம், சறுக்கு வைத்தால் அடுத்த வாரமே திறப்பு விழா. போட்டோவில் மரக்கன்று தெரியாது, சறுக்கு தெரியும். ஆனாலும் தோப்பையும் மண்டபத்தையும் அறிந்த ஊருக்கு இதை யாராவது சொல்லித் தரணுமா?

கொடைக்கானல் இப்போது எங்கள் மாவட்டத்தில்தான் இருக்கிறது. டோலி இல்லை, அரசு பஸ்ஸில் ஏறினால் போகலாம். 2024 மே 7-லிருந்து நீதிமன்ற உத்தரவுப்படி வண்டிகளுக்கு இ-பாஸ் வாங்கணும், அரசு பஸ்ஸில் போனால் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் சீசனில் அறை வாடகையைக் கேட்டால் இங்கேயே வியர்த்துவிடும். காலையில் போய் ராத்திரி திரும்பினால் பகலில் பாதி பஸ்ஸிலேயே போய்விடுகிறது. சிறுமலை தேவலை. 18 கொண்டை ஊசி வளைவு, கொஞ்சம் குளிர்ச்சி, சாயங்காலத்துக்குள் வீடு. கொசுவும் இப்போது மிஷனரிகளைக் கடித்த அளவுக்குக் கடிப்பதில்லை.

கடைசியில் எங்க வீட்டுப் பஞ்சாயத்து என்ன ஆச்சு என்று கேட்பீர்கள். இந்த ஞாயிறு தாடிக்கொம்பு என்று முடிவு. காலை முதல் டவுன் பஸ், மத்தியானம் நடை சாத்துவதற்குள் தரிசனம், பிறகு ஏதாவது ஒரு மரத்தடி. பள்ளிக்கூட லீவு முடிவதற்குள் வைகை அணைக்கும் ஒரு நாள். அப்பாவுக்கும் எனக்கும் மட்டும்தான் டவுன் பஸ் டிக்கெட். எலுமிச்சை சாதமா புளிசாதமா என்பதில் அம்மாவுக்கும் அப்பத்தாவுக்கும் இன்னும் முடிவாகவில்லை. அப்பளம் வேண்டாம் என்று நான் மட்டும் சொல்லியிருக்கிறேன், எப்படியும் நமுத்துத்தான் போகும்.

உங்க ஊரில் உங்க அப்பத்தாக்கள் எங்கே போனார்கள் என்று கேட்டுச் சொல்லுங்களேன்.